பதினோரு மீட்டர்

வீட்டுவரி ரசீதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை.
கடைசி எண்ணைப் பார்ப்பார்கள்,
மடித்து கேஸ் புத்தகத்துக்குள் செருகுவார்கள்.
நான் படிப்பேன். சம்பளம் அதற்குத்தான்.
பொதுவரி. குடிநீர் வடிகால் வரி. கல்வி வரி.
நூலகத்துக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா.
கவுண்டரில் வாங்கும்போது ஒரே கை நோட்டு,
ஒரே வியர்வை ஈரம்.
உள்ளே வந்ததும்
பந்தி பிரித்து உட்காரவைக்கிறேன்.
ஓர் இலையின் சோறு
பக்கத்து இலைக்குப் போகக் கூடாது.

வேலூரைப் பற்றி ஊரே சொல்லும்:
ஆறு இருக்கு, தண்ணி இல்லை.
கோட்டை இருக்கு, ராஜா இல்லை.
கணக்குப் பிரிவில் நாங்கள் ஒன்று சேர்த்துக்கொண்டோம்:
பணம் இருக்கு, செலவு இல்லை.

கல்வி நிதியில் நாலு கோடியே பதினேழு லட்சம்
வைப்புத்தொகையாகப் படுத்து
வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.
பொது நிதியில்
துடைப்பத்துக்குக் காம்பு வாங்கினால்
ஈர்க்குக்கு இல்லை.

அக்கினி நட்சத்திரத்தில்
கொசப்பேட்டை சந்தில் காவாய் பொங்கியது.
கவுன்சிலர் முனீரா பேகம்
புர்கா ஓரத்தில் சேறோடு வந்து நின்றார்.
“இன்னா மேடம், பணமும் கீதுன்றீங்க,
காவாயும் கீது.
ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு கீதா?”

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆணையர் கதவைச் சாத்தச் சொல்லி
மெதுவாகக் கேட்டார்:
கைமாற்றாக எடுத்து, மார்ச்சுக்குள் வைத்துவிட்டால்?
நான் ஏகாம்பரத்தைச் சொன்னேன்.
எனக்கு முன்னால் இதே நாற்காலி.
பெருமழை வருஷம் பிளீச்சிங் பவுடருக்கும்
துப்புரவுக் கூலிக்கும்
கல்வி நிதியில் கைவைத்தவர்.
அதில் ஒரு டீ கூடக் குடிக்காதவர்.
தணிக்கைப் பத்தி நாற்பத்து மூன்று
அவர் பென்ஷனைப் பிடித்துக்கொண்டு
ஒன்பது வருஷம் விடவில்லை.
அவர் போய்விட்டார். பத்தி இருக்கிறது.

சட்டத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.
வேலி மட்டும் இல்லையென்றால்
இந்த நாலு கோடி எப்போதோ
கிரீன் சர்க்கிளில் வண்ண விளக்கு நீரூற்றாகப்
பீச்சி அடித்து முடிந்திருக்கும்.
பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கதவு வந்திருக்காது.
எனக்குத் தெரியும்.
அந்த நீரூற்றுக் கோப்பைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

வழி கண்டுபிடித்தவர் பொறியாளர் வில்வநாதன்.
வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவால் தொட்டார்:
காவாய் நம் நடுநிலைப் பள்ளிக்குள் புகுந்து போகிறது.
பின்சுவரிலிருந்து கேட் வரை பதினோரு மீட்டர்.
உள்ளே ஓடும்வரை
அது காவாய் இல்லை, பள்ளி.

தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி,
மீட்டருக்குப் பத்தாயிரத்து முந்நூறு.
ஜூலையில் முடிந்தது.
மட்டம் பிசகாத கான்கிரீட்,
பிள்ளைகள் மேலே உட்கார்ந்து
சத்துணவு சாப்பிடும்படி மூடி.
கேட்டோடு சரி.
முதல் மழையில் தண்ணீர்
பதினோரு மீட்டர் மரியாதையாக நடந்து வந்து
வாசலில் நின்றது,
கடைசி பஸ்ஸை விட்டவர்போல்.
முனீரா பேகம் போன் செய்தார்.
ஒன்றும் பேசவில்லை.
செங்கல் செங்கலாகத் தாண்டும் பிள்ளைகளின் கூச்சலை
ஒரு நிமிஷம் கேட்கவிட்டு வைத்துவிட்டார்.

டிசம்பரில் தணிக்கை வந்தது, டேப்போடு.
குந்தி உட்கார்ந்து அளந்தார்கள்.
பதினோரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்.
அந்த நாலு, கேட்டுக்கு வெளியே.
பள்ளி சாராத பணிக்குக் கல்வி நிதி; விளக்கம் தேவை.

ஊற்றும்போது பலகை நழுவியது என்று எழுதினேன்.
ஏற்கவில்லை.
கணக்குப் போட்டேன்: நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
கைப்பையிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டு
கீழே போய் வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் ஏழு பேர், மின்விசிறி ஓடவில்லை.
முறை வந்தபோது
மௌஸில் கை வைத்தபடி பையன் நிமிர்ந்து பார்த்தான்:
“எந்தக் கணக்குல மேடம்?”